அரிஸ்டோட்டிலும் அவர் பயின்ற நகரமும்

பிறந்த ஊர்மேல் மக்களுக்கு உண்டாகும் பற்று இயற்கையானது. அதனை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கல்வியின்பொருட்டு அயலூர் சென்று, உறவினரும் அறிமுகமானவரும் இன்றிப் புதியவராய்ப் புகுந்த ஒருவருக்கு அவ்வூர்மேல் நாளடைவிற் பிறக்கும் பற்று வேறு வகையினது. முன்னையது நற்றாய்மேற் செல்லும் அன்பினை ஒக்கும். பின்னையது செவிலித்தாய்மேற் செல்லும் அன்பினை ஒக்கும். செவிலி பெற்றவளல்லள், ஊட்டி வளர்த்தவள். அவளுடைய முதுசத்திற் பங்கு கேட்கும் உரிமை வளர்ப்புப் பிள்ளைக்கு இல்லை. ஆயினும், அவளை மறந்து வாழ்தல் அப்பிள்ளைக்கு இயலுவதன்று.

இத்தகைய பற்றுக்கு எடுத்துக்காட்டாய் விளங்குவது கிரேக்க தத்துவஞானியாகிய அரிஸ்டோட்டில் என்பாருடைய சரித்திரம். அவரைத் தருக்க நூல் வகுத்தவரென்றும், பிளேட்டோவின் மாணாக்கரென்றும், மகா அலெக்சாந்தரின் ஆசிரியரென்றும் நம் ஆசிரியர்கள் அறிவர். அவர் தமது 62 ஆண்டு வாழ்நாளில் ஏறக்குறைய 32 ஆண்டுகளை ஏதென்ஸ் நகரிற் கழித்தார் என்பதும், அவ்வளவு காலமும் அந்நகரத்துக் குடியுரிமை இல்லாத அயலாராகவே இருந்தார் என்பதும் பெரும்பாலும் நினைக்கப்படுவதில்லை. அதனையே ஈண்டு எடுத்துக் கூறுவாம்.

அரிஸ்டோட்டில் கி. மு. 384ஆம் ஆண்டிலே, கிரேக்க நாட்டின் வடபாலில், கல்சிடிசி என்னும் நிலப்பகுதியிலுள்ள ஸ்டகிரா என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர் தந்தையார் நிக்கோமாக்கஸ் என்பவர் மசிடோனியா அரசனாகிய அமிந்தாஸ் என்பானுக்கு வைத்தியராய் இருந்தவர். பெற்றோர் இருவரும் அவருடைய இளமையிலேயே இறந்தனர். புரொக்சேனஸ் என்னும் ஒருவர் அவரைப் பாதுகாவலராய் நின்று வளர்த்தார். பதினேழு வயது நிரம்பியபோது, கி. மு. 367ஆம் ஆண்டில், அவர் ஏதென்ஸ் நகருக்குக் கல்வி கற்க வந்தார்.

அக்காலத்து ஏதென்ஸ் தன் அரசியல் வலியிற் பெரும்பகுதியை இழந்திருந்தது. ஸ்பார்ட்டாவோடு நிகழ்ந்த நெடும்போரிலே கி. மு. 404இல் அது தோல்வியுற்றது. தன் மக்களுள் ஒருவராகிய சோக்கிரதீஸ் என்னும் ஞானியைக் கி. மு. 399இல் நஞ்சுண்பித்துக் கொன்ற பழியும் அதன்மேல் இருந்தது. ஆயினும் கல்வியை நாடிய இளைஞர் பலரும் அந்நகரத்தையே நாடினர். நகரின் வடமேற்கே, மதில்வாயிலுக்குப் புறத்தே, ஒலிவ மரங்கள் செறிந்த ஒரு சோலையில் பிளேட்டோ தமது கலாசாலையை நடத்தி வந்தார். அச்சோலையின் பெயரே அக்கலாசாலைக்கும் ஆகி, அக்கடமி என வழங்கிற்று. இன்று உலகெங்கும் கல்விச் சங்கங்களுக்கு அப்பெயர் வழங்குதல் யாவரும் அறிந்ததே.

புதிய மாணாக்கர் வந்து சேர்ந்த காலத்திலே பிளேட்டோ ஊரில் இல்லை. சிசிலித் தீவிலுள்ள சிராக்கூஸ் நகரத்து அரசனுக்கு அறிவு புகட்டும் கருத்தோடு அவர் கடல் கடந்து சென்றிருந்தார். எந்த ஆசிரியரை நாடித் தம்மூரைப் பிரிந்து வந்தாரோ அந்த ஆசிரியரைக் காணாது, அறியாத நகரிலே, பெற்றோரில்லாத பதினேழு வயது இளைஞர் ஒருவர் தங்க நேர்ந்த நிலையை ஆசிரியராயுள்ளார் எளிதில் உணர்வர். அவருடைய பேச்சிலே நாக்குழறல் இருந்ததென்றும் பழைய சரித்திரகாரர் எழுதியுள்ளனர். நாவன்மையே பெரும் பெருமையாகக் கருதப்பட்ட ஒரு நகரில் அது சிறிய குறையன்று.

அவரோ மீண்டும் ஊர் செல்லவில்லை. 20 ஆண்டுகள் அக்கலாசாலையிலேயே தங்கினார். அவர் நூல்களை ஓயாது படித்தமையாற் பிளேட்டோ அவருடைய வீட்டைப் படிப்பாளி வீடென்று அழைப்பது வழக்கமென ஒரு பழைய செய்தி உண்டு. முதலில் மாணாக்கராயிருந்தவர் பின்னர்ப் பிறருக்குக் கற்பிப்பவருமாயினார். கலாசாலை ஒருபுறமாக, நகரமும் அவருக்கு ஒரு பாடசாலையாயிற்று. அங்கே நாடக அரங்கு இருந்தது. வழக்கு மன்றங்கள் இருந்தன. குடிமக்கள் கூடி வாதஞ்செய்யும் பேரவை இருந்தது. பல நாட்டுக் கப்பல்களும் வந்து சேரும் பிரேயஸ் துறைமுகம் இருந்தது. பிற்காலத்தில் அவர் அரசியலையும் செய்யுளியலையும் சொற்பொழிவுக் கலையையும் பற்றி எழுதிய நூல்களிற் காணப்படும் உதாரணங்கள் பல இந்நகரத்து வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவையாம்.

இனி, அந்நகரம் அயலாரை நடத்திய முறையைச் சிறிது கூறுதல் வேண்டும். ஏதென்ஸில் வந்து தங்கும் அயலார் குறித்த காலத்துக்கு மேல் அங்கே வாழ்வதாயின், குடிமகன் ஒருவனைத் தமக்குச் சான்றாளனாகக் கொண்டு தம் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 12 திராக்மா வரி இறுத்தல் வேண்டும். தொகை பெரிதன்று; ஆனால் அதனை இறுக்கத் தவறியவரை அடிமையாக விற்கவும் சட்டம் இடங்கொடுத்தது. அயலார் நிலமும் வீடும் தமக்குச் சொந்தமாகக் கொள்ளுதல் கூடாது. பேரவையிற் பேசுதலும் வாக்களித்தலும் கூடா. நீதிமன்றத்தில் நடுவராய் அமர்தலும் கூடாது. போர் வந்தாலோ படையிற் சேர்ந்து பணிபுரிதல் வேண்டும். அரிஸ்டோட்டில் இந்நிலையிலேயே ஏதென்ஸில் வாழ்ந்தார்.

கி. மு. 347இற் பிளேட்டோ இறந்தார். கலாசாலையின் தலைமை பிளேட்டோவின் சகோதரி மகனாகிய ஸ்பியூசிப்பஸ் என்பவருக்குச் சென்றது. அதற்கு முந்திய ஆண்டிலே, மசிடோனியா அரசனாகிய பிலிப்பு கல்சிடிசிப் பகுதியிலுள்ள ஒலிந்தஸ் நகரத்தை அழித்திருந்தமையால், ஏதென்ஸ் மக்கள் மசிடோனியாவைச் சார்ந்தவர் எவரையும் வெறுத்தனர். அரிஸ்டோட்டிலின் குடும்பத்துக்கும் அவ்வரசர் குடும்பத்துக்கும் இருந்த பழைய தொடர்பு யாவரும் அறிந்தது. ஒலிந்தஸ் அழிந்த போரிலே அவர் பிறந்த ஸ்டகிராவும் அழிந்தது என்பதை வெறுப்பவர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் நகரை விட்டு நீங்கினார்.

அதன்பின் 12 ஆண்டுகள் பல இடங்களில் வாழ்ந்தார். சின்னாசியாக் கரையிலுள்ள அசோஸ் என்னும் ஊரிலே, தம் நண்பனும் அப்பகுதியை ஆண்டவனுமாகிய ஹெர்மியாஸ் என்பானுடைய ஆதரவிற் சில காலம் தங்கினார். அவனுடைய குடும்பத்தைச் சேர்ந்த பித்தியாஸ் என்னும் பெண்ணை மணந்தார். அடுத்து லெஸ்போஸ் தீவிற் கடலோரத்து மீன்களையும் பிற உயிர்களையும் நுணுகி ஆராய்ந்தார். அத்தீவிற் பிறந்த தியோபிராஸ்டஸ் என்பவர் அவருக்கு வாழ்நாள் முழுவதும் துணையாயினார். கி. மு. 343இற் பிலிப்பு அரசன் அழைப்பை ஏற்று மசிடோனியா சென்று, மியெசா என்னுமிடத்திலே, பதின்மூன்று வயதினனாகிய அலெக்சாந்தருக்கு ஆசிரியராயினார்.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. அழிந்த ஸ்டகிரா அவர் பொருட்டே மீண்டும் கட்டப்பட்டதெனப் பழைய நூல்கள் கூறும். ஆகவே பிறந்த ஊரிலே தந்தையாருடைய வீட்டிலிருந்து அமைதியாக வாழ அவருக்கு இடமிருந்தது. மசிடோனியா அரசவையிலே சிறப்போடு வாழவும் இடமிருந்தது. அவர் மாணாக்கன் அரசனானான். அவ்வரசன் பெயருக்கு உலகம் அஞ்சத் தொடங்கிற்று. இவ்விரண்டினையும் விட்டு, கி. மு. 335இல், தமது நாற்பத்தொன்பதாம் வயதில், அவர் ஏதென்ஸுக்கே திரும்பினார். அவ்வாண்டிலேதான் அலெக்சாந்தர் தீப்ஸ் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினான். ஏதென்ஸ் மக்கள் அச்சமும் பகையும் உள்ளத்தில் நிரம்பியவராயிருந்தனர். அவ்வரசனுக்கு ஆசிரியராயிருந்த ஒருவர் அக்காலத்தில் அந்நகரிற் குடிபுகுதல் இன்பமான செயலாய் இருந்திராது. ஆராய்ச்சிக்கு வேண்டிய நூல்களும், வாதஞ்செய்ய வல்ல அறிஞரும், கற்க விரும்பும் இளைஞரும் அங்கேயே மிக்கிருந்தனர் என்பது மெய்யே. ஆயினும், இருபதாண்டு பழகிய பற்றும் அவரை அழைத்ததென்று கொள்ளுதல் தவறாகாது.

அவருக்கு அந்நகரில் நிலம் கொள்ளும் உரிமை இல்லையாதலால், கலாசாலைக்குச் சொந்த மனை அமைக்க இயலவில்லை. நகரின் கிழக்குப் புறத்தே, மதிலுக்கு வெளியே, லைசியம் என்னும் பொது உடற்பயிற்சிச் சாலை ஒன்று இருந்தது. முற்காலத்திலே சோக்கிரதீஸ் இளைஞரோடு உரையாடிய இடங்களுள் அதுவும் ஒன்று. அவ்விடத்திலேயே அரிஸ்டோட்டில் கற்பித்தார். அங்கிருந்த நடைபாதையின் பெயரால் அவருடைய கூட்டத்தார் நடைபாதையார் எனப் பொருள்படும் பெயர் பெற்றனர். காலையில் மாணாக்கருக்கு ஆழ்ந்த பாடங்களும், மாலையில் யாவருக்கும் பொதுவான விரிவுரைகளும் நிகழ்ந்தன என்பர். நூல்களையும் படங்களையும் சேர்த்து வைத்துக் கற்பித்தலும் அங்கே நிகழ்ந்தது. இங்ஙனம் ஏறக்குறைய 12 ஆண்டுகள் சென்றன.

அவ்வாண்டுகளில் அவரும் அவர் மாணாக்கரும் செய்த பணிகளுள் இரண்டு நம் பொருளுக்கு இன்றியமையாதன. ஒன்று, ஏதென்ஸில் ஆண்டுதோறும் விழாக்களில் நடிக்கப்பட்ட நாடகங்களின் பட்டியல். எந்த ஆண்டில் எந்தப் புலவர் எந்த நாடகங்களை அரங்கேற்றினார், பரிசு எவர் பெற்றார் என்பவற்றை நகரத்துப் பழைய பதிவுகளினின்றும் தொகுத்து ஒழுங்குசெய்தார். அத்தொகுப்பு இப்பொழுது முழுமையாகக் கிடைத்திலது. ஆயினும் கிரேக்க நாடகங்களின் காலத்தைப் பற்றிப் பிற்காலத்தார் அறிந்தவற்றிற்கெல்லாம் அடிப்படை அதுவேயாம். அந்நகரத்துப் பிள்ளைகள் தம் பாட்டனார் காலத்து நாடகம் ஒன்று எப்பொழுது நடந்ததென அறிய விரும்பின், அயலார் ஒருவர் எழுதி வைத்ததையே பார்க்க வேண்டியதாயிற்று.

மற்றொன்று, பல நாட்டு அரசியலமைப்புக்களின் தொகுதி. 158 நாடுகளின் அமைப்புக்கள் அதில் ஆராயப்பட்டன. அத்தனையும் காலவெள்ளத்தில் மறைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், எகிப்து தேசத்திலிருந்து வந்த பப்பைரஸ் சுருள்கள் சிலவற்றிலே, ஒரு பண்ணையின் வரவு செலவுக் கணக்கு எழுதப்பட்டதன் மறுபுறத்தில், ஒரு நூல் எழுதப்பட்டிருத்தல் காணப்பட்டது. அது 1891ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சிடப்பட்டு வெளிவந்தது. அந்த 158இல் ஏறக்குறைய முழுமையாக இன்று நமக்குக் கிடைத்திருப்பது அஃதொன்றே. அது ஏதென்ஸின் அரசியலமைப்பைக் கூறும் நூலாம்.

அந்நூலின் பிற்பகுதியைப் படிப்போர் ஆசிரியரது நுண்ணிய நோக்கினைக் கண்டு வியப்பர். நகரத் தெருக்களைக் கண்காணிக்கும் அதிகாரிகள் பதின்மர். அவருள் ஐவர் நகருக்கும் ஐவர் துறைமுகத்துக்கும் உரியர். வீட்டின் மேன்மாடம் தெருவின்மேல் நீண்டுவிடாமலும், மேலேயுள்ள குழாய்நீர் தெருவில் ஒழுகாமலும், சன்னற் கதவு தெருப்பக்கமாகத் திறவாமலும் அவர் பார்த்தல் வேண்டும். குப்பை அள்ளுவோர் மதிலிலிருந்து 10 ஸ்டேடியம் தூரத்துக்குள் குப்பையைக் கொட்டலாகாது. தானியக் கண்காணிகள், கோதுமையின் விலைக்கு ஏற்ப ரொட்டி விற்கப்படுகின்றதா என ஆராய்தல் வேண்டும். பொருள் மிகக் குறைந்து, உடற்குறையாற் றொழில் செய்ய இயலாதவருக்கு நாளொன்றுக்கு 2 ஓபல் உதவித்தொகை கொடுக்கப்பட்டது. வழக்கு மன்றத்தில் நடுவர் சீட்டுக் குலுக்கித் தெரியப்படும் முறையும், பேசும் நேரத்தை அளக்கும் நீர்க்கடிகையும், துளையுள்ளதும் துளையில்லாததுமாகிய வெண்கல வாக்குச் சில்லுகளும் ஒவ்வொன்றாக விளக்கப்பட்டுள்ளன. அயலார் வழக்குகளை ஏற்கும் அதிகாரி யார் என்பதும் அவற்றிடையே மற்றைச் செய்திகளைப்போலவே கூறப்பட்டிருக்கின்றது. அச்சில்லினைக் கையில் ஏந்தும் உரிமை அரிஸ்டோட்டிலுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஏந்திய பல்லாயிரவருள் ஒருவரேனும் அதனை இத்துணைத் தெளிவாக எழுதி வைத்ததாகக் கண்டிலம்.

இவருடைய அரசியல் நூலிலே குடிமகன் யாவன் என்னும் வினா எழுப்பப்படுகின்றது. ஓரிடத்தில் வசித்தல் மாத்திரத்தால் ஒருவன் குடிமகனாகான்; அயலாரும் அடிமைகளும் அவ்விடத்திலேதான் வசிக்கின்றனர்; நீதி வழங்குதலிலும் ஆட்சியிலும் பங்குடையவனே குடிமகன் என்பது அவர் கொண்ட முடிபு. அம்முடிபின்படி அவர் தாம் வாழும் நகரிற் குடிமகனல்லர். தமக்கு நலமாக அவர் இலக்கணத்தை வளைக்கவில்லை. அடிமைத்தனம் சிலருக்கு இயற்கையானதென அந்நூலிலே அவர் கூறியது பெருந்தவறாகும். அவர் சரித்திரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் அதனையும் மறையாது கூறுதல் வேண்டும்.

கி. மு. 323இல் அலெக்சாந்தர் பாபிலோனில் இறந்தான். செய்தி ஏதென்ஸை அடைந்தவுடன் மசிடோனியாவுக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. அரிஸ்டோட்டில் தெய்வ நிந்தனை செய்தார் என்று குற்றஞ் சாட்டப்பட்டது. பாரசீகராற் கொல்லப்பட்ட தம் நண்பனாகிய ஹெர்மியாஸின் நினைவாக அவர் முன்னர்ப் பாடிய பாட்டு, மனிதனைத் தெய்வமாக்கிப் பாடியதாம் என்பது சாட்டு. சோக்கிரதீஸின்மேற் சுமத்தப்பட்டதும் இத்தகைய குற்றமே. ஏதென்ஸில் அயலார் வாழ்தல் அரிது என்னுங் கருத்துப்பட அவர் தம் நண்பராகிய அந்திப்பாத்தருக்கு எழுதினார் என்பர். தத்துவத்துக்கு இரண்டாமுறையும் தீங்கிழைத்த பழி அந்நகருக்கு வாராதிருத்தற்பொருட்டே தாம் நீங்குவதாகச் சொன்னார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. அது மெய்யாயின், தம்மைத் துரத்திய நகரத்தின் புகழையே அவர் அப்பொழுதும் எண்ணினார் என்க.

அவர் யூபியாத் தீவிலுள்ள கல்கிஸ் நகருக்குச் சென்றார். அங்கே தாயார் வழியிற் கிடைத்த வீடும் தோட்டமும் இருந்தன. மறுவருடம், கி. மு. 322இல், நோயுற்று இறந்தார். அவருடைய மரணசாசனம் பழைய சரித்திர நூல் ஒன்றிற் காணப்படுகின்றது. முன்னரே இறந்த மனைவியின் எலும்புகள் தம்மோடு அடக்கப்படல் வேண்டுமென்றும், பிள்ளைகள் இன்னவாறு பாதுகாக்கப்படல் வேண்டுமென்றும், தமக்குப் பணிசெய்த அடிமைச் சிறுவர் எவரும் விற்கப்படலாகாதென்றும், உரிய வயதில் அவர் விடுதலை பெறல் வேண்டுமென்றும் அதிற் குறித்துள்ளார். கல்கிஸிலுள்ள வீடும் ஸ்டகிராவிலுள்ள தந்தையார் வீடும் அதிற் சொல்லப்படுகின்றன. ஏதென்ஸில் ஒரு வீடேனும் ஒரு காணித்துண்டேனும் சொல்லப்படவில்லை. 32 ஆண்டு வாழ்ந்த நகரில் அவர் விட்டுச் சென்றவை மாணாக்கரும் நூல்களும் மாத்திரமே.

அவர் கலாசாலையை அடுத்து நடத்திய தியோபிராஸ்டஸும் அயலாரே. மாணாக்கருள் ஒருவராகிய தெமெத்திரியஸ் என்பவர் நகரத் தலைமையை அடைந்தபோது, அவருடைய உதவியாற் றியோபிராஸ்டஸ் ஒரு தோட்டத்தைச் சொந்தமாகப் பெற்றார். ஆசிரியருக்கு மறுக்கப்பட்ட நிலம் மாணாக்கர் காலத்திற் கிடைத்தது. கி. மு. 86இல் உரோமத் தளபதியாகிய சுல்லா ஏதென்ஸை முற்றுகையிட்டபோது, போர்ப்பொறிகள் செய்தற்கு அக்கடமியின் மரங்களும் லைசியத்தின் மரங்களும் வெட்டப்பட்டன. பின் லைசியம் இருந்த இடமே மறைந்துபோயிற்று. 1996ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரின் நடுவே ஒரு கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டியபோது அதன் அடித்தளம் வெளிப்பட்டது. 2014 முதல் அது பொதுமக்கள் காணுமாறு திறக்கப்பட்டுள்ளது. நிலம் விற்க மறுத்த நகரம் அந்நிலத்தை அவர் பெயராற் காத்து வருகின்றது.

ஆசிரியன்மாரே, இச்சரித்திரத்தினின்றும் நாம் கொள்ளத்தக்கது யாது? நம்முட் பலர் பிறந்த ஊர் ஒன்று, பயின்ற ஊர் ஒன்று, கற்பிக்கும் ஊர் மற்றொன்று. கற்பிக்கும் ஊரிலே நம்மை வெளியூர் வாத்தியார் என்று எத்தனை ஆண்டு சென்றாலும் கூறுவார் இருப்பர். ஊரார் நம்மை ஏற்றபின்பே அவ்வூரிற் பற்று வைப்போம் என்று காத்திருப்பார்க்குப் பற்று ஒருநாளும் உண்டாகாது. அவ்வூரின் குளத்தையும் கோயிலையும் வழக்கத்தையும் தொழிலையும் அறிய முயன்று, அவற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவார்க்கு அது தானே உண்டாகும். அரிஸ்டோட்டில் ஏதென்ஸின்மேற் பற்றுடையவராயினமை அந்நகரம் அவரை மதித்தமையாலன்று. அவர் அதனை ஊன்றி அறிந்தமையாலேயாம்.

இது வந்தவர் செயத்தக்கது. இருப்பவர் செயத்தக்கதும் ஒன்று உண்டு. வருட நடுவிலே வேற்றூர்ப் பிள்ளை ஒன்று நம் பாடசாலைக்கு வருகின்றது. அதன் பேச்சு வேறாயிருத்தலால் மற்றைப் பிள்ளைகள் சிரிக்கின்றனர். அது கடைசி வாங்கிற் சென்று இருக்கின்றது. இடாப்பில் அப்பிள்ளையின் பெயரைப் பதிதல் ஒரு நிமிஷ வேலை. அதன் மனம் அவ்விடத்திற் பதியுமாறு செய்தற்குப் பல மாதம் வேண்டும். முதல் வாரத்திலேயே அதனை முன்வாங்குக்கு அழைத்து, அதன் ஊரைப் பற்றி வகுப்பாருக்குச் சொல்லுமாறு கேட்டு, பின் நம் ஊரை அதற்குக் காட்டி வருமாறு இரண்டு பிள்ளைகளை உடன் அனுப்புதல் எந்த ஆசிரியருக்கும் இயலும். அதற்குப் பணச்செலவு இல்லை. மேலதிகாரியின் உத்தரவும் வேண்டுவதில்லை.